மூன்று பிலாட்டிஸ், ஒரு குரல்பதிவு

தும்மினால் எனக்குக் கொஞ்சம் சிறுநீர் கசிந்துவிடும். இருமினாலும் அப்படித்தான், வாய்விட்டுச் சிரித்தாலும் அப்படித்தான். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆரம்பித்த தொல்லை, எனக்கு ஐம்பது தாண்டியதும் அதற்குக் குளிர்விட்டுப் போய்விட்டது. இதைப் போய் இப்படிப் பட்டென்று எழுதுகிறாளே, வெட்கமில்லையா என்று யாருக்காவது தோன்றலாம். இருந்தது. அதை நான் தொலைக்கவில்லை. என்னிடமிருந்து எடுத்து ஊருக்குப் பங்கு வைத்துவிட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த பிறகு நான் மட்டும் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும்?

மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வீடு. வரிசை வீடுகளில் நடு வீடு. முன் அறைதான் என் கடை. பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறேன், இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் நான் தையல்கார அக்கா. என் பெயரைக் கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. வீட்டுக்கு வழி சொல்வதென்றாலும் 'தையல்கார அக்கா வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி' என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சம்பாலுக்கு மிளகாய் வதக்கினார்கள். தொடர்ந்து ஏழெட்டுத் தும்மல். அளவு நாடாவை அந்தப் பெண்ணின் கழுத்திலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். குளித்து, துணி மாற்றி, எதுவும் நடக்காதது போல நான் திரும்பி வரும்வரை அவள் இரண்டு கையையும் தூக்கியபடியே நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் முதல் முறையாக ஒருவரிடம் இதைச் சொன்னேன். கட்டிய கணவரிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

நான் சொன்னது அடுத்த தெருவில் இருக்கும் அக்காவிடம். சொந்த அக்கா இல்லை. என்னைவிட நாலு வயது மூத்தவர், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடப் பழக்கம். விண்ணப்ப பாரம் நிரப்புவது, யாரைப் பார்த்தால் காரியம் ஆகும் என்று கண்டுபிடிப்பது, அடுத்தவருக்காகப் போய்க் கேட்பது எல்லாம் அவருக்குக் கை வந்த கலை. என் பெரியவளுக்குக் கல்லூரி இடம் கிடைத்ததே அவர் நாலு இடம் அலைந்ததால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை.

அவர்தான் என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே உடற்பயிற்சி சொல்லித்தரும் மலாய்ப் பெண், இடுப்புக்கு அடியில் இருக்கும் தசை தளர்ந்திருக்கிறது, பயிற்சி செய்தால் சரியாகும் என்றாள். சில பயிற்சிகள் காட்டினாள். பிலாட்டிஸும் போகலாம், ஆனால் அதில் பல வகை இருக்கிறது, எல்லாம் எல்லாருக்கும் ஒத்துவராது, முதலில் ஆசிரியரிடம் உங்கள் பிரச்சினையைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சேருங்கள் என்றாள். எனக்குப் பிலாட்டிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஒரே வாரத்தில் மூன்று இடம் விசாரித்து வைத்துவிட்டார், மூன்றுக்கும் தானும் கூட வருகிறேன் என்றார்.

முதல் இடம் தங்கா பத்து. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பொது மண்டபம். சனிக்கிழமை காலை, தரையில் பாய் விரித்துச் செய்வது. கருவி எதுவும் கிடையாது, உடம்புதான் கருவி. இருபது பெண்கள், காதோரம் மைக் மாட்டிய ஆசிரியை, சத்தமாகப் பாட்டு. நாங்கள் கடைசி வரிசையில் பாய் போட்டோம். மல்லாந்து படுத்து, தலையையும் காலையும் தூக்கி, கையை மேலும் கீழும் அடித்துக்கொண்டே மூச்சை எண்ண வேண்டும். நூறு வரை. நாற்பதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து கழிவறைக்கு ஓடினேன்.

அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கதவுக்கு வெளியே காவல் நின்றார். யாரோ வந்து தட்டப்போனபோது, "உள்ள தண்ணி வரலலா, அந்தப் பக்கம் போங்க" என்று மலாயிலும் தமிழிலும் சொல்லித் துரத்தினார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டபோது, கூடப் பிறந்தவள் இருந்திருந்தால்கூட இப்படிச் செய்வாளா என்று நினைத்தேன். கண் கலங்கியது.

இரண்டாவது, மலாக்கா டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. அங்கே ரிஃபார்மர் என்ற மரக் கட்டில். படுத்துக்கொண்டு காலால் தள்ளினால் மேல்பலகை வழுக்கிக்கொண்டு போகும், சுருள்கம்பி திரும்ப இழுக்கும். அறுபது வயதுச் சீன ஆசிரியை. பாட்டில்லை, பேச்சில்லை. இதுதான் ஆதிமுறை, கிளாசிக்கல் என்றார். ஒவ்வொரு நாளும் அதே பயிற்சிகள், அதே வரிசை, ஒன்று முடிந்ததும் அடுத்தது. தப்பாகச் செய்தால் விரலால் ஒரு தட்டு. கடையில் தொங்கும் ரெடிமேட் ரவிக்கை மாதிரி, உடம்புதான் அதற்குள் நுழைய வேண்டும். படுத்துச் செய்ததால் எனக்கு விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது, எங்கள் தாமானை ஒட்டிய தாமானில் ஒரு வீடு. கார் நிறுத்துமிடத்தை அடைத்து அறையாக்கியிருந்தார்கள். முப்பதைத் தாண்டிய தமிழ்ப் பெண், பிசியோ படித்தவர். பாய், பந்து, ரப்பர் நாடா, ஒரே ஒரு ரிஃபார்மர். இதைக் கன்டெம்பரரி என்கிறார்கள். மூலம் பழசுதான், ஆனால் ஆளுக்கு ஏற்றபடி மாற்றுவார்கள். ஆரம்பிப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு என்ன தொந்தரவு என்று கேட்டார். என் முறை வந்தது. வாய் வரை வந்துவிட்டது. "முதுகு வலிமா" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அக்கா, உங்க வலது தோள் கொஞ்சம் எறங்கியிருக்கு. மெஷின்ல குனிஞ்சே ஒக்காருறீங்களா? வேற ஏதும் இருந்தா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் மட்டும்தான் பாப்பேன்" என்றார். எத்தனையோ பேருடைய தோளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். என் தோளை ஒருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது காரில் அக்கா கேட்டார், "எது ஒனக்குச் சரியா வரும்?"

"மூணாவதுதான் அக்கா. ஆனா நம்ம பிரச்சினைக்கு அது சரியான்னு கேக்கணும்ல. எனக்கு வாயே வரல."

"நீ கேக்க மாட்ட. விடு, நான் கேட்டுச் சொல்றேன்."

"யாருகிட்டயும் எம் பேரச் சொல்லிறாதீங்க."

"நான் என்னா பைத்தியமா?" என்று சிரித்தார். அந்த மூன்றாவது இடத்துப் பிள்ளையிடம்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் ஒரு பெண் ரவிக்கை வாங்க வந்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, ரிஃபார்மர்தான் நல்லதாம். குதிக்கிற மாதிரி எதுவும் செய்யாதீங்க" என்றாள். நான் பிலாட்டிஸ் போவது இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். மறுநாள் இன்னொருவர் வந்து, வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். எதற்கென்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்று வேறு பக்கம் பார்த்தார். மூன்றாவது ஆள் தைக்க வேண்டிய துணியோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் மேசைமேல் வைத்தாள். உள்ளே பெரியவர்கள் கட்டும் டயப்பர். "எங்க மாமியாருக்கு வாங்குனது, மிச்சம் இருந்திச்சு" என்றாள். நல்ல பெண். நல்ல மனதோடுதான் கொண்டு வந்தாள். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டது.

"யாரு சொன்னா?" என்று கேட்டேன். அவள் தயங்கி, கைப்பேசியை எடுத்தாள். எங்கள் தாமான் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எண்பது தொண்ணூறு பேர் இருப்பார்கள், அநேகமாக எல்லோரும் என்னிடம் தைப்பவர்கள். நேரம் காலம் இல்லாமல் 'ஜாக்கெட் ரெடியா' என்று கேட்கிறார்கள் என்று நான் எப்போதோ அதிலிருந்து விலகிவிட்டேன். அவள் ஒரு குரல்பதிவை ஓடவிட்டாள். அக்காவின் குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஹெல்ப் வேணும்லா. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்க, பேரு வேணாம், பாவம், நம்ம ஜாக்கெட்டு தைக்கிறவங்க. தும்முனா இருமுனா போச்சோர் ஆயிருதாம். பிலாட்டிஸ்ல பாய்ல செய்யறது நல்லதா, மெஷின்லயா, இல்ல அந்தப் புது டைப்பா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அன்னிக்கு தங்கா பத்துல நூறு எண்ணுறதுக்குள்ள எந்திரிச்சு ஓடுனாங்க பாருங்க…"

அந்த இடத்தில் ஒரு சிரிப்பு. கேலிச் சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். தான் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லும்போதும் அவர் அப்படித்தான் சிரிப்பார். ஆனால் விழுந்தது அவர் இல்லையே. கதவுக்கு வெளியே காவல் நின்ற அதே ஆள் கதவைத் திறந்து ஊரையே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். உடம்பெல்லாம் எரிந்தது. டயப்பரை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், அளவு எடுத்தேன், அனுப்பினேன். பிறகு கடையைச் சாத்திவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் திகைத்துப்போனார். அந்தத் திகைப்பு நடிப்பில்லை.

"பேரு சொன்னேனா? நல்லாக் கேளு, ஒம் பேர நான் சொல்லவே இல்ல!"

"எம் பேரு யாருக்கு அக்கா தெரியும்? ஜாக்கெட்டு தைக்கிறவங்கன்னு சொன்னா இந்தத் தாமான்ல வேற யாரு இருக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே அது அவருக்குத் தோன்றவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் உடனே நிமிர்ந்துகொண்டார். "ஒன் நல்லதுக்குத்தானே கேட்டேன்? எத்தன பேரு பதில் போட்டாங்க தெரியுமா? ஆறு பேரு எனக்குத் தனியா மெசேஜ் போட்டு, எனக்கும் அதே பிரச்சினைதான்னு சொல்லியிருக்காங்க. ஒன்னால எத்தன பேரு வாயத் தொறந்திருக்காங்க பாரு."

"அவங்க தனியா சொன்னாங்க அக்கா. அவங்க பேரு எண்பது பேருக்குத் தெரியல."

"நல்லதுக்குக் காலமில்ல போ" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பு என்ற வார்த்தையே வரவில்லை. நான் காய்ந்துகொண்டிருந்த அவருடைய கைலிகளைப் பார்த்தபடி வெயிலில் நின்றிருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். சரி, ஊர் பேசட்டும், என் உடம்பு எனக்கு முக்கியம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தமிழ் ஆசிரியைக்கு மெசேஜ் போட்டேன். செவ்வாய்க்கிழமைக் குழுவில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார். போனேன். கதவைத் திறந்தால் ஆறு பாய், ஐந்து பேர், ஐந்து பேரும் என்னிடம் தைப்பவர்கள். நடுவில் அக்கா, காலில் வழுக்காத புதுச் சாக்ஸ். பக்கத்துப் பாயைத் தட்டி, "வா வா, ஒனக்குத்தான் எடம் புடிச்சு வெச்சிருக்கேன்" என்றார். ஒன்றுமே நடக்காதது போல.

ஐந்து நிமிடம் இருந்தேன். மூச்சுப் பயிற்சி ஆரம்பித்ததும் ஓரத்தில் இருந்த பெண், "பாத்து, மெதுவா செய்யுங்க அக்கா" என்றாள். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். இந்தப் பெண்கள் என் முன்னால்தான் சேலையைக் களைந்து நிற்பார்கள். யாருக்கு ஒரு பக்க இடுப்பு பெரிது, யார் மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் தையலைப் பிரித்து அகலமாக்கச் சொன்னார்கள், யார் முதுகில் என்ன காயம் என்று எனக்குத் தெரியும். என் அளவு நோட்டில் எண்கள் மட்டும்தான் இருக்கும், மீதி எல்லாம் என்னோடு. யார் வீட்டுப் பேச்சும் என் கடையிலிருந்து வெளியே போனதில்லை. எழுந்தேன், பாயைச் சுருட்டினேன், ஆசிரியையிடம் தலைவலி என்றேன். அந்தப் பிள்ளை மேல் எந்தத் தப்பும் இல்லை. எனக்குச் சரியாகப் பொருந்திய இடம் அது ஒன்றுதான், அதையும் அக்கா எடுத்துக்கொண்டார் என்ற ஆத்திரம் வீடு வரைக்கும் தணியவில்லை.

ஆக, நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது டவுன் மாடியில் இருந்த கிளாசிக்கலை. ஏன் என்று யாராவது கேட்டால் காரணம் ஒன்றுதான். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. துணியைத் தொட்டுப் பார்த்து, தரம் பார்த்து எடுக்க வேண்டியவள், திருடியைப் போல முகத்தை மறைத்துக்கொண்டு கைக்குக் கிடைத்ததை எடுத்தேன்.

மூன்று வாரம் அந்தச் சீன அம்மாள் தட்டிய தட்டுகளை வாங்கிக்கொண்டேன். நாலாவது வாரம், சுருள்கம்பியை ஒன்று கூட்டி மாட்டப் போனார். எனக்குப் பயம் வந்துவிட்டது. "சாயா செலாலு போச்சோர்" என்றேன். எனக்கு எப்போதும் ஒழுகுகிறது என்று. மலாயில் சொல்லும்போது வீட்டுக் கூரையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது, அதனால் வாய் வந்ததோ என்னவோ. அவர் கையை எடுத்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று திட்டினார். கம்பியைக் குறைத்தார். வயிற்றை வெளியே தள்ளாதே, மூச்சு விடும்போது அடியிலிருந்து மேலே தூக்கு என்று என் கையைப் பிடித்து என் வயிற்றின் மேலேயே வைத்துக் காட்டினார். இரண்டு பயிற்சிகளை அந்த வரிசையிலிருந்தே எடுத்துவிட்டார். வரிசையை மாற்றவே மாட்டார் என்று நான் நினைத்திருந்த ஆள்!

புதிதாகச் சேரும் பெண்கள் என்னிடம் எந்த வகை நல்லது என்று இப்போது கேட்கிறார்கள். பாயோ கட்டிலோ, பழசோ புதுசோ, சொல்லித்தருபவரிடம் உன் வாயால் உன் கதையைச் சொல்ல முடிகிற இடமாகப் பார் என்கிறேன். மூன்றே வார்த்தை. அதை அன்று அந்தச் சமையலறையில் நானே சொல்லியிருந்தால் அக்காவிடம் போய் நின்றிருக்க வேண்டியதில்லை. என் தப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் அவருடைய தப்பு சிறிதாகிவிடாது.

ஐந்து மாதம் போனது. ஒருநாள் காலை, காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது தும்மினேன். ஒன்றல்ல, நாலு. அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்று, வேண்டுமென்றே இருமிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் கைப்பேசியை எடுத்தேன். விரல் தானாக அக்காவின் எண்ணுக்குப் போனது. வேறு யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடமா? வைத்துவிட்டு மறுபடியும் காஜா எடுத்தேன், அழுதுகொண்டே.

தீபாவளி நெருங்கியது. அக்கா ஒவ்வொரு வருடமும் இரண்டு மாதம் முன்பே சேலைகளைக் கொண்டு வந்துவிடுவார். அவருக்கு நான் மட்டும்தான் தைக்க முடியும். ஏனென்றால் அவர் உடம்பில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒன்பது வருடமாக, வெளியே தெரியாதபடி ரவிக்கைக்குள் நான் ஒரு வேலை செய்து கொடுக்கிறேன். அவர் மருமகளுக்குக்கூடத் தெரியாது. அது என்னவென்று இங்கேயும் எழுத மாட்டேன். குரல்பதிவு வந்த பிறகு ஒரு வாடிக்கையாளர் என்னிடம், "அவங்களுக்கு மட்டும் ஏன் அக்கா கதவச் சாத்தி அளவு எடுக்கறீங்க?" என்று கேட்டார். நாக்கு நுனி வரை வந்தது. பெயர் சொல்லாமல்கூடச் சொல்லலாம் என்று ஒரு குரூரம் எனக்குள் எழுந்தது. "அவங்க கூச்ச சுபாவம்" என்றேன்.

கோபமாக இருந்தாலும் அவருக்காக இரண்டு வாரத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். வருவார், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவர் ஏதாவது சொல்வார், அப்படியே கரையும் என்று ஒரு கணக்கு. அவர் வரவில்லை. தீபாவளியும் போனது.

தை மாதம் நியாலாஸ் பக்கம் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு ரவிக்கை நான்தான் தைத்திருந்தேன். மண்டபத்தில் தூரத்தில் அக்கா நின்றிருந்தார். முகத்தைப் பார்ப்பதற்கு முன் ரவிக்கையைத்தான் பார்த்தேன். என் கை இல்லை. தோள் இழுத்துப் பிடித்திருந்தது. நான் உள்ளே செய்யும் வேலையை வேறு யாரோ செய்ய முயன்று கெடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது. அதை மறைக்க முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தார். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

போய்க் கையைப் பிடித்தேன். பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். நகர்ந்ததைச் சரியான இடத்தில் வைத்து ஊக்குகளால் இறுக்கினேன்.

"யாருகிட்ட தச்சீங்க?"

"டவுன்ல ஒரு பொண்ணுகிட்ட. யாருன்னே தெரியாது."

"ஏன் எங்கிட்ட வரல?"

தரையைப் பார்த்தார். "பயமா இருந்திச்சு. நான் அப்படிச் செஞ்சிட்டேன்ல, நீயும் கோவத்துல…"

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. ஒன்பது வருடம் கதவைச் சாத்திய என்னைவிட, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அந்த உடம்பைக் காட்டுவது பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னைப் பற்றி ஊரிடம் சொன்னபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை. கடைசி ஊக்கைக் குத்தினேன். முந்தானையைச் சரிசெய்தேன். கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தபோது அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"வெளிய யாருகிட்டயும் சொல்லிறாதம்மா, என்னா?" என்றார்.